காலியாக நிற்கும் இயந்திரமும் காத்திருக்கும் நோயாளியும்



நமது மருத்துவமனையைப் பார்க்க வந்துபோன ஒரு பெரியவர், ஊர் திரும்பியபின் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். சி.டி. ஸ்கேன் இயந்திரத்திற்காக நிதி திரட்டியபோது தமது ஓய்வூதியத்திலிருந்து ஒரு பகுதியை அனுப்பிவைத்தவர் அவர். கடிதத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. "ஐயா, காலை பத்தரை மணிக்கு ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சில் இடமில்லை. சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். இயந்திரம் சும்மா நின்றது. டெக்னீஷியன் தம்பி ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். கூட்டமும் இருக்கிறது, இயந்திரமும் சும்மா இருக்கிறது, இது எப்படி? அந்தக் காலி நேரத்தையும் நிரப்பினால் இன்னும் எத்தனை ஏழைகளுக்கு உதவும்!" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. ஏறக்குறைய அதே நாட்களில் எங்கள் நிர்வாகக் குழுவிலும் இதே பேச்சு எழுந்தது. வெளியிலிருந்து கட்டணம் செலுத்தும் நோயாளிகளை வரவழைத்து இயந்திரத்தை நாள் முழுவதும் ஓட்டினால், அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாக ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். யாருக்கும் மறுக்கத் தோன்றாத யோசனை. முதலில் எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஒரு மணி நேரக் கணக்கு

ஒரு ஸ்கேனுக்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 நிமிடத்திற்கு ஒருவர் வீதம் நோயாளிகள் வருகிறார்கள். எல்லாரும் கடிகாரம் பார்த்து வந்து, எல்லாருக்கும் சரியாக 10 நிமிடமே ஆனால், யாரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். பெஞ்சே தேவையில்லை.

ஆனால் நோயாளிகள் அப்படி வருவதில்லை. ஒரு பஸ் வந்து நின்றால் நாலு பேர் சேர்ந்து இறங்குகிறார்கள். மழை பெய்தால் அரை மணி நேரம் யாரும் வருவதில்லை. ஸ்கேன் எடுக்கும் நேரமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒருவர் சொன்னபடி அசையாமல் படுத்துக்கொள்வார், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்து ஒரு குழந்தை பயந்து அழும். அதன் பின்னால் வரும் பாட்டியை ஸ்டிரெச்சரிலிருந்து மெதுவாகத் தூக்கிப் படுக்கவைக்க வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் வருகிறார்கள், எல்லாருக்கும் சேர்த்து 50 நிமிட வேலை. சராசரி மாறவில்லை. முதலாமவர் 9.00 மணிக்கு வந்தார், 5 நிமிடத்தில் முடிந்தது. இரண்டாமவர் 9.20க்கு வந்தார், 6 நிமிடம். மூன்றாமவர் 9.22க்கு வந்தார், அவருக்கு 22 நிமிடம். நான்காமவர் 9.25க்கு, 9 நிமிடம். ஐந்தாமவர் 9.45க்கு, 8 நிமிடம்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 9.05 முதல் 9.20 வரை இயந்திரம் காலி. மூன்றாமவர் 4 நிமிடம் காத்திருக்கிறார். நான்காமவர் 23 நிமிடம், ஐந்தாமவர் 12 நிமிடம். வேலை முடியும்போது மணி 10.05. அதாவது அடுத்த மணி நேரம் 5 நிமிடக் கடனோடு தொடங்குகிறது. ஒரே மணி நேரத்திற்குள் இயந்திரம் கால் மணி நேரம் சும்மாவும் நின்றது, மூன்று பேர் காத்தும் கிடந்தார்கள். டெக்னீஷியன் தம்பி எந்தத் தவறும் செய்யவில்லை.

காரணம் எளிமையானது. 9.05க்கும் 9.20க்கும் இடையே கிடைத்த அந்த 15 நிமிடத்தை எடுத்துவைத்து 9.26க்குப் பயன்படுத்த முடியாது. அரிசியை மிச்சம் பிடித்து நாளைக்கு வைக்கலாம். இயந்திரத்தின் நேரத்தை அப்படி வைக்க முடியாது. காலி நேரம் கரைந்துபோகிறது, நெரிசல் மட்டும் அடுத்த மணி நேரத்திற்குத் தொடர்ந்து வருகிறது.

தொலைபேசிக் கம்பெனியில் தொடங்கிய கணக்கு

இந்தக் கேள்வியை முதன்முதலாக ஒழுங்காகக் கணக்கிட்டவர்களில் ஒருவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அக்னர் கிராருப் எர்லாங். 1878இல் ஜட்லாந்துப் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பள்ளி ஆசிரியர், ஊர் ஆலயப் பணிகளையும் கவனித்து வந்தவர். எர்லாங் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் படித்து, சில ஆண்டுகள் பள்ளிகளில் கற்பித்து, 1908இல் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கம்பெனியின் சிக்கலும் நமது ஸ்கேன் அறையின் சிக்கலும் ஒன்றுதான். யார் எப்போது போன் செய்வார் என்று தெரியாது. எவ்வளவு நேரம் பேசுவார் என்றும் தெரியாது. இணைப்புக் கம்பிகளோ குறைவு. எத்தனை கம்பிகள் இருந்தால் மக்கள் வெகுநேரம் காத்திருக்காமல் பேசலாம்? 1909இலும் 1917இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு விடை தந்தன. அவர் மேசையில் உட்கார்ந்து மட்டும் கணக்குப் போட்டவர் அல்ல. ஏணி சுமக்கும் ஒரு தொழிலாளியோடு கோப்பன்ஹேகன் தெருக்களில் நடந்து, கம்பிகள் செல்லும் குழிகளுக்குள் இறங்கித் தாமே அளவெடுத்தவர். 1929இல் காலமானார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு 1946இல் 'எர்லாங்' என்றே பெயர் வைத்தார்கள்.

அவர் வழியில் வந்த கணக்கை நமது ஸ்கேன் அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரே இயந்திரம், வருகிறவர்கள் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள், ஸ்கேன் நேரமும் முன்னே பின்னே ஆகிறது, சராசரி 10 நிமிடம். அப்படியானால் உள்ளே போகுமுன் ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரம் இப்படி வருகிறது:

இயந்திரம் பாதி நேரம் வேலை செய்தால், 10 நிமிடம்.
100க்கு 80 பங்கு நேரம் வேலை செய்தால், 40 நிமிடம்.
100க்கு 90 பங்கு என்றால், 90 நிமிடம்.
100க்கு 95 பங்கு என்றால், 190 நிமிடம். மூன்று மணி நேரத்திற்கும் மேல்.

வேலை பாதியிலிருந்து 80க்கு ஏறும்போது காத்திருப்பு 30 நிமிடம் கூடுகிறது. ஆனால் 90லிருந்து 95க்குப் போகும் அந்தச் சிறிய ஐந்து பங்கு மட்டும் 100 நிமிடத்தைக் கூட்டிவிடுகிறது. நூற்றுக்கு நூறு ஓட்ட நினைத்தால் வரிசைக்கு முடிவே இராது.

ஏன் இப்படி? திடீரென்று அரை மணி நேர வேலை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் ஓய்வாக இருக்கும் இயந்திரம் அந்தக் கடனை ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடும். நூற்றுக்குப் பத்து நிமிடமே ஓய்வுள்ள இயந்திரத்திற்கு அதே கடனை அடைக்க ஐந்து மணி நேரம் வேண்டும். ஐந்து நிமிடமே ஓய்வு என்றால் பத்து மணி நேரம், அதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். இடையில் இன்னொரு பஸ் வந்தால் கடன்மேல் கடன்.

மருத்துவமனையில் எல்லாம் சூத்திரத்தின்படியே நடக்கும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. காலையில் கூட்டம் அதிகம், மாலையில் குறைவு. எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் கடைசிச் சில நிமிடங்களை நிரப்பும்போது வரிசை திடீரென்று நீண்டுவிடும் என்பது எந்த மருத்துவமனைக்கும் பொருந்தும்.

யாரை முதலில் அழைப்பது?

இனி வரிசையின் ஒழுங்கைப் பற்றி. வந்த வரிசைப்படி அழைப்பதே நியாயம் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்தால்? ஒருவருக்கு 30 நிமிடம், ஒருவருக்கு 10, ஒருவருக்கு 5. நீண்டதை முதலில் எடுத்தால் அவர்கள் 30, 40, 45 ஆவது நிமிடங்களில் வெளியே வருகிறார்கள். குறுகியதை முதலில் எடுத்தால் 5, 15, 45. இயந்திரம் இரண்டு முறையும் 45 நிமிடமே ஓடியது. ஆனால் மூவரும் செலவிட்ட மொத்த நேரம் 115 நிமிடத்திலிருந்து 65 நிமிடமாகக் குறைந்துவிட்டது. குறுகிய வேலை முதலில் என்ற இந்த விதியை 1956இல் வேய்ன் ஸ்மித் என்பவர் நிரூபித்துக் காட்டினார். அவசரம் அதிகமான வேலைக்கு அதற்கேற்ற எடை கொடுப்பதற்கும் அவர் விதி வழி சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரமாகும் என்று முன்னதாகத் தெரியாவிட்டால், அந்த வகை ஸ்கேனுக்கு வழக்கமாக ஆகும் சராசரியை வைத்து ஒழுங்கு செய்யலாம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. குறுகிய வேலையுள்ளவர்கள் வந்துகொண்டே இருந்தால், நீண்ட வேலையுள்ளவர் பின்னுக்குப் பின்னுக்குத் தள்ளப்படுவார். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்த மனிதனை நாம் அறிவோம். முந்தி இறங்குகிறவனுக்குத்தான் சுகம் என்பது அங்கே இருந்த ஒழுங்கு. அவன் போவதற்குள் எப்போதும் வேறொருவன் முந்திக்கொண்டான். விதி நல்லதாகவே இருந்தாலும், மிகவும் தளர்ந்தவன் அதற்குள் என்றைக்கும் அகப்படாமல் போகலாம். ஆகவே எங்கள் ஸ்கேன் அறையில் குறுகிய வேலைகளை முன்னே எடுத்தாலும், ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருக்கும் எவரையும் அதன்பின் யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அவரது ஓ.பி. சீட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுகிறோம். அவ்வளவுதான்.

நாங்கள் தவறாக நினைத்திருந்தது

விபத்தில் அடிபட்டவர் வந்தால் என்ன செய்வது? அவருக்காகத்தான் இயந்திரம் காலியாக இருக்க வேண்டும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். கணக்குப் போட்டபோது அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. கேஷுவால்டியிலிருந்து வருகிறவரை எப்போதும் வரிசையின் முன்னே விடுகிறோம். உள்ளே நடந்துகொண்டிருக்கும் ஒரு ஸ்கேன் முடியும்வரை மட்டுமே அவர் காத்திருக்க வேண்டும். இயந்திரம் 80 பங்கு ஓடினாலும் 95 பங்கு ஓடினாலும் அவருடைய காத்திருப்பு சராசரியாகப் பத்து நிமிடத்திற்குள் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் காலி நேரத்தை நிரப்புவதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள். வேலையின் நீளத்தைப் பார்க்காமல் ஒருவரை முன்னே விட்டால், அவர் மிச்சப்படுத்திய நேரத்தை மற்றவர்கள் தங்கள் நேரத்திலிருந்து ஈடுகட்டுகிறார்கள். காத்திருப்பு மறைந்துபோவதில்லை, கைமாறுகிறது. இதை 1965இல் லெனார்ட் கிளைன்ராக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு விதியாகவே எழுதிவைத்தார்.

அந்தப் பெஞ்சில் நாங்கள் தினமும் சற்று நேரம் உட்காருவதுண்டு. ஜெபிக்கக் கேட்பவர்களோடு ஜெபிப்போம், மற்றவர்களோடு பேசிக்கொண்டிருப்போம். ஒருநாள் மாலை, மலையடிவாரக் கிராமத்திலிருந்து மகனை அழைத்து வந்திருந்த ஒரு தாய் எங்களிடம் கேட்டது நோயைப் பற்றியல்ல. "ஐயா, அஞ்சே முக்கால் பஸ்ஸை விட்டா எங்க ஊருக்கு வேற பஸ் இல்ல. அதுக்குள்ள கூப்பிட்டுருவாங்களா?" அன்று இரண்டு விபத்து நோயாளிகள் அவர்களுக்கு முன்னே போயிருந்தார்கள். போகத்தான் வேண்டும், அந்தத் தாயும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டு, அன்றிரவு வராந்தாவில் படுத்து, மறுநாள் கூலியையும் இழந்தார்கள். இயந்திரத்தின் காலி நேரம் இப்படிப்பட்டவர்களுக்கு உரியது. முந்திக்கொள்ள எந்தக் காரணமும் இல்லாத, வரிசையின் கடைசியில் இருக்கும் ஆளுக்கு.

நாங்கள் செய்தது

முதலாவது, வருகையை ஒழுங்குபடுத்தினோம். அவசரமில்லாத ஸ்கேன்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறோம். 1952இல் இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர், மருத்துவமனைப் புறநோயாளர் வரிசைகளை ஆராய்ந்தார். தொடக்கத்தில் இருவரை வரச் சொல்லி, பிறகு ஒவ்வொருவரையும் சராசரி நேர இடைவெளியில் வரவழைக்கலாம் என்று ஆலோசனை சொன்னார். டாக்டர் ஓரிரு நிமிடம் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு கூட்டத்தையே காலையில் வரவழைத்து உட்காரவைக்கும் வழக்கத்தை அவர் கணக்கு கேள்வி கேட்டது. நாங்களும் எல்லாரையும் எட்டு மணிக்கே வரச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, எக்ஸ்ரே பிரிவில் இரண்டு இயந்திரங்களுக்கும் தனித்தனியாக இருந்த வரிசைகளை ஒன்றாக்கினோம். எந்த அறை காலியாகிறதோ அங்கே அடுத்த டோக்கன். முன்பு சொன்ன அதே கணக்கில், 80 பங்கு வேலையுள்ள இரண்டு தனி வரிசைகளில் 40 நிமிடம் காத்திருக்க வேண்டியவர், ஒரே வரிசையானால் ஏறக்குறைய 18 நிமிடமே காத்திருப்பார். இதற்கு டோக்கன் பலகை ஒன்றைத் தவிர வேறு செலவில்லை.

மூன்றாவது, ஸ்கேனுக்கு ஆகும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறோம். முன்பு சொன்னபடி நோயாளிகள் முன்னறிவிப்பின்றி வரும் நிலையில், எல்லா ஸ்கேன்களும் ஒரே அளவு நேரம் எடுத்தால் காத்திருப்பு பாதியாகிவிடும் என்பது 1930களின் தொடக்கத்தில் போலாசெக், கிஞ்சின் என்ற இரு கணித அறிஞர்கள் தந்த சூத்திரத்திலிருந்து வருகிறது. ஆகவே உடை மாற்றுவது, ஊசிக்கு வழி போடுவது, குழந்தைகளைச் சமாதானப்படுத்துவது எல்லாவற்றையும் அறைக்கு வெளியிலேயே முடிக்க ஒரு நர்ஸம்மாவை நியமித்திருக்கிறோம்.

நிர்வாகக் குழுவின் யோசனைக்கு வருவோம். கட்டண நோயாளிகளை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மதியத்திற்குப் பின், நேரம் குறித்து, அளவோடு எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மொத்தத்தில் இயந்திரம் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஓடும்படி வேலை சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தோம். இதனால் ஒரு வருமானத்தை விட்டுக்கொடுக்கிறோம். அந்தப் பணத்தில் இன்னும் சிலருக்கு இலவச ஸ்கேன் எடுத்திருக்கலாம் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அந்தச் சிலரை எண்ணிக் குழுவில் ஒருவர் தீர்மானத்திற்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவர் மனம் எங்களுக்குப் புரிகிறது. கணக்கு, எத்தனை நிமிடம் என்று சொல்லும். யாருடைய நிமிடம் என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

கடிதம் எழுதிய பெரியவருக்கு இவற்றையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினோம். நீங்கள் கொடுத்த காணிக்கையில் ஒரு பங்கு, நீங்கள் பார்த்த அந்தக் காலி நிமிடங்களுக்காகவே செலவாகிறது என்றும் சேர்த்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து அஞ்சலட்டையில் பதில் வந்தது. அடுத்த முறை வரும்போது பெஞ்சில் உட்கார்ந்து தாமே நேரம் பார்க்கப் போவதாக எழுதியிருந்தார். வரட்டும். நீங்களும் வாருங்கள். ஒன்றரை மணிக்கு இயந்திரம் சும்மா நிற்பதைக் கண்டால் வருத்தப்படாதீர்கள். அன்று மாலை அஞ்சே முக்கால் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.


மருத்துவமனை ஆத்துமப் பராமரிப்புப் பணிக்குழுவினர்